பழுது மாட்யூலிலா, எர்த்திலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு சரக்கு வாகன உரிமையாளர்களின் செலவுகளைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டீசல், டயர், சுங்கக் கட்டணம், காப்பீடு என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த கட்டுரையாளர், புதிய பிக்கப் வண்டிகளை வைத்திருப்பவர்களைத் திடீரென்று நிலைகுலைய வைக்கும் ஒரு செலவை மட்டும் விட்டுவிட்டார். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பாடி கண்ட்ரோல் மாட்யூல், அதாவது நாங்கள் பி.சி.எம். என்று சொல்லும் பெட்டி, 'போய்விட்டது' என்று சர்வீஸ் சென்டரில் தீர்ப்பாகி, அதை மாற்றுவதற்காகத் தரும் பணத்தைத்தான் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் வாகன எலக்ட்ரீசியனாகத் தொழில் செய்யும் எனக்குத் தெரிந்தவரை, அப்படித் தீர்ப்பான பெட்டிகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன.

பழைய வண்டியில் ஸ்விட்சைப் போட்டால் மின்சாரம் ரிலே வழியாக நேரே ஹாரனுக்கோ விளக்குக்கோ போகும். இப்போதைய வண்டிகளில் ஸ்விட்ச் ஒரு தகவலை மட்டுமே பி.சி.எம்.முக்குத் தருகிறது, வைப்பரை ஓட்டுவதும், இண்டிகேட்டரை மின்ன வைப்பதும், கதவைப் பூட்டுவதும், பல வண்டிகளில் சாவியின் சிப்பைச் சரிபார்த்து எஞ்சினுக்கு அனுமதி கொடுப்பதும் அந்தப் பெட்டியின் வேலை. ஆகவே அதற்கு வரும் மின்சாரத்தில் சிறு குறை ஏற்பட்டாலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் ஒரே நாளில் தலைகாட்டும். வைப்பர் நிற்காமல் ஓடும், ஹாரன் தானாக அடிக்கும், இரவு நிறுத்திய வண்டியின் பேட்டரி காலையில் இறங்கியிருக்கும். இத்தனையும் சேர்ந்து வந்தால் பெட்டிதான் காரணம் என்று எண்ணுவது இயல்பு. பெட்டிக்குள் போகும் பாதையையும் அதே அளவு சந்தேகிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எங்கள் பக்கம் மீன் ஏற்றும் பிக்கப்கள் அதிகம். மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வழியும் உப்பு நீர் சேஸிஸ் மேல் ஓயாமல் சொட்டுகிறது. போதாததற்கு, வாட்டர் சர்வீஸ் செய்பவர்கள் கேபினுக்குள்ளும் குழாயைத் திருப்பி விடுகிறார்கள். ஓட்டுநரின் பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியான எர்த் வயர்களை வண்டியின் பாடியோடு பிணைக்கும் போல்ட் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த இடத்தைச் சுரண்டி, வயர் முனையில் புது லக் (உலோக வளையம்) வைத்து இறுக்கிய பிறகு, 'இறந்துபோன' மாட்யூல் எழுந்து வேலை செய்கிறது. இதற்கு ஆகும் செலவு புது மாட்யூலின் பெட்டியைத் திறக்கக்கூடப் போதாது.

எனவே சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் பேட்டரி: ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வேறெதையும் தேடுவதற்கு முன் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். அடுத்தது எர்த். ஹெட்லைட்டையும் வைப்பரையும் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், மறுமுனையை மாட்யூலின் எர்த் பின்னிலும் (இணைப்பு ஊசியிலும்) வைத்தால் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அங்கே ஒரு வோல்ட் காட்டினால் மாட்யூலைக் குறைசொல்ல இடமே இல்லை. இந்தச் சோதனையை, மீட்டரை ஓம்ஸில், அதாவது தடையை அளக்கும் நிலையில், வைத்துச் செய்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வயருக்குள் ஒரே ஒரு இழை அறுபடாமல் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அதை நல்ல வயர் என்றே காட்டும், சுமை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். பாசிட்டிவ் பக்கத்தையும் இவ்வாறே, ஃப்யூஸ் தோறும், சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

அதன்பின் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் வயர்கள். முறுக்கிய இரண்டு வயர்கள் கொண்ட இந்த முறையை பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது; இன்று ஏறத்தாழ எல்லா வண்டிகளிலும் இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் 120 ஓம்ஸ் தடை இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழுதறியும் கருவியான ஸ்கேனரைச் சொருகும் கப்ளரின் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம்ஸ் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்களும் உரசி ஒட்டியிருக்கின்றன. ஸ்கேனரில் 'யூ 0140' என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்தவுடன் மாட்யூலுக்கு ஆர்டர் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பி.சி.எம்.மின் குரல் தங்களுக்குக் கேட்கவில்லை என்று மற்ற மாட்யூல்கள் சொல்வதுதான் அந்தக் கோடு. பேசுபவர் இறந்துவிட்டாரா, தொலைபேசிக் கம்பி அறுந்ததா என்பதை அது சொல்லாது.

இவை அனைத்தும் சரியாக இருந்து, ஸ்விட்சின் தகவல் உள்ளே போவது ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் தெரிந்து, ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்தும் மாட்யூலின் பின்னில் மின்சாரம் வெளிவராவிட்டால் மட்டுமே பெட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். அப்போதும் ஒன்றைப் பார்க்க வேண்டும். இப்போதைய மாட்யூல்களில் பல, வெளியே ஷார்ட் இருந்தால் தன்னைக் காத்துக்கொள்ள அந்த வழியை மூடிக்கொள்ளும். பின்பக்க விளக்குக்குப் போகும் வயர், லோடு பாடியின் விளிம்பில் தேய்ந்து தகட்டைத் தொடுவது பிக்கப்களில் சாதாரணம். உரிமையாளர் ஆசைப்பட்டு ஏர்ஹாரனுக்கும் கூடுதல் விளக்குகளுக்கும் பி.சி.எம். வயரிலிருந்தே இணைப்பு எடுத்திருப்பதும் உண்டு. காரணத்தைக் களையாமல் புதிய பெட்டியை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

மாற்றியே ஆக வேண்டிய பெட்டிகளும் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை; நீர் புகுந்து உள்ளே தகடு அரித்துவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் இது பல்பு மாற்றுவது போன்ற வேலை அல்ல. பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். பழைய பெட்டி பேசும் நிலையில் இருந்தால் அதிலுள்ள அமைப்புகளை முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிய பெட்டிக்கு அந்த வண்டியின் சேஸிஸ் எண்ணையும், அதில் எந்தெந்த வசதிகள் உண்டு என்பதையும் எழுத வேண்டும். சாவியின் சிப்பைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் அதில் இருந்தால் சாவிகளைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் புதுப் பெட்டியே பாழாகக்கூடும் என்பதால், நிலையான சப்ளை கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து மலிவாகக் கிடைக்கும் பெட்டியில் வேறொரு வண்டியின் அடையாளம் பதிந்திருப்பதால், பல மாடல்களில் அதை அப்படியே பொருத்த முடியாது.

இங்கேதான் எங்களைப் போன்றவர்களின் கை கட்டப்படுகிறது. அளப்பதற்கு மல்டிமீட்டர் போதும். எந்தப் பின் எதற்கு என்று சொல்லும் வயரிங் வரைபடமும், புதிய பெட்டியில் வண்டியின் விவரங்களை எழுதும் கோடிங்குக்கான அனுமதியும் நிறுவனத்திடமே இருக்கின்றன. புகை சம்பந்தப்பட்ட கோளாறுகளின் கோடுகளை எந்த ஸ்கேனரும் படிக்கும்படி சட்டம் வைத்திருக்கிறது. ஹாரனும் வைப்பரும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. இது புதிய புகாரும் அல்ல. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் ஒருபுறம் இருக்க, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் அதில் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த கப்ளரைச் சோதிப்பது?

கோடிங்கைத் திறந்துவிட்டால் திருடர்களுக்கு வசதியாகிவிடும் என்று நிறுவனங்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் பின்னணி சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர்களும் மெக்கானிக்குகளும் ஒரு பதிவேட்டின் வழியாகச் சாவிக் குறியீடுகளைப் பெறுகிறார்கள். யார் எந்த வண்டிக்குக் கேட்டார்கள் என்பது பதிவாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியமும் 2018-ஆம் ஆண்டின் 858-ஆம் எண் ஒழுங்குமுறையில், பழுதுபார்ப்புத் தகவல்களை வெளி ஒர்க்ஷாப்புகளுக்கு நியாயமான கட்டணத்தில் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. நாங்களும் இலவசமாகக் கேட்கவில்லை. ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் கட்டிவிட்டுப் போகிறோம்.

தங்கள் கட்டுரையாளர் இந்த வரிசையைத் தொடர்வதாக இருந்தால், பிக்கப் தயாரிக்கும் நிறுவனங்களிடம் இரண்டு கேள்விகளையாவது கேட்டு, பதிலை வெளியிடும்படி வேண்டுகிறேன்: மாட்யூலை மாற்றச் சொல்லும் முன் எர்த்திலும் சப்ளையிலும் எடுத்த அளவுகளை வாடிக்கையாளரின் பில்லில் எழுதித் தருவீர்களா? உத்தரவாதக் காலம் முடிந்த வண்டிகளுக்காவது வயரிங் வரைபடத்தை விலைக்குத் தருவீர்களா?

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீசியன் ஒருவர்,
நாகப்பட்டினம்.