விலை ஏறினால் பசி குறையுமா? வணிகவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவன். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் மளிகைக் கடைகள்தாம் என் லைன், அதாவது நான் சரக்கு விற்கச் சுற்றிவந்த பகுதி. இப்போது வியாசர்பாடியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வணிகவியல் சொல்லித்தருகிறேன். பகலில் உங்களிடம் படித்துவிட்டு வரும் அதே பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

என் மாணவி ஒருத்தி, சந்தையைப் பிரித்தல் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஒத்த இயல்புள்ள நுகர்வோரைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிப்பது என்று வரி பிசகாமல் எழுதியிருந்தாள். அவளுடைய தாயார் வீட்டு வாசலில் இட்லி மாவு விற்கிறார். “அம்மா தம் வாடிக்கையாளரை எப்படிப் பிரிக்கிறார்?” என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. காலையில் மாவு வாங்க யார் வருவார்கள் என்று மாற்றிக் கேட்டேன்.

அதன் பிறகு பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். விடிந்ததும் வருபவர்கள் சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள். அவர்களுக்குப் புளிப்பு ஏறாத மாவு வேண்டும். இரவில் வருபவர்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள். தோசைக்குத்தான் கேட்பார்கள், புளித்திருந்தாலும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு லிட்டர் அவர்களுக்கு அதிகம், வைத்துக்கொள்ளக் குளிர்பதனப் பெட்டி இல்லை. அதனால் அவர்களுக்கென்றே அரை லிட்டர் பாக்கெட். அரை லிட்டரின் விலை ஒரு லிட்டரில் சரிபாதி இல்லை, கொஞ்சம் கூடுதல். கவர் செலவும் கட்டும் வேலையும் இரண்டுக்கும் ஒன்றுதானே. சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துவிடுவதால் அரிசியைக் குறைத்து ஊற வைப்பார்கள். இவ்வளவும் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போடுவது அவள் வேலை.

சந்தைப் பிரிவு, பொருள் வகை, சிப்ப (பாக்கெட்) அளவு, விலை நிர்ணயம் எல்லாமே அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. விடைத்தாளில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அவள் வீட்டில் நடப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒரே விஷயம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லியிருக்கவில்லை.

சொற்களும் பிள்ளைகளைத் தடுக்கின்றன. ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது முடிவு செய்ய வேண்டிய நான்கையும் (Product, Price, Place, Promotion) ‘நான்கு பி’ என்கிறோம். ஆங்கிலத்தில் நான்கு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மனத்தில் நிற்கும். தமிழில் பொருள், விலை, இடம், மேம்பாடு என்று சொல்லும்போது அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. மிஞ்சுவது மனப்பாடம்.

அதிலும் ‘இடம்’ என்ற சொல் பெரிய தவறுக்குக் கொண்டுபோய் விடுகிறது. கடை அமைந்திருக்கும் இடம் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுகிறார்கள். தோட்டத்திலிருந்து தட்டுவரை பொருள் வந்து சேரும் வழி முழுவதையும் குறிக்கும் கருத்து அது. நம் ஊரில் இதை விளக்க ஒரு கத்தரிக்காய் போதும். இரவில் லாரியில் கோயம்பேடு வந்து இறங்குகிறது. மொத்த வியாபாரியிடமிருந்து விடிவதற்குள் சில்லறை வியாபாரி கைக்குப் போகிறது. காலையில் தள்ளுவண்டியில் நம் தெருவுக்கு வருகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் கூலி, கமிஷன், லாபம் என்று விலையில் ஏதோ ஒன்று சேர்கிறது. ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் நெரிசல் தாங்காமல் போய் மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியதே, அது ‘இடம்’ பற்றிய பாடம்தான். தாத்தா பாட்டியிடம் கேட்டாலே பிள்ளைகளுக்குக் கதை கிடைக்கும்.

‘தேவை’ என்ற சொல் இதைவிடச் சிக்கலானது. பொருளியல் வகுப்பில், விலை ஏறினால் தேவை குறையும் என்கிறோம். அடுத்த பாடவேளையில் வணிகவியலில் உணவு, உடை, உறைவிடம் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்கிறோம். ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: “விலை ஏறினால் பசி குறையுமா, சார்?” அறிவுள்ள கேள்வி. பசி ஒன்று. பசிக்கு இட்லிதான் வேண்டும் என்பது வேறொன்று. இட்லி வேண்டும், கையில் காசும் இருக்கிறது, கொடுக்கவும் மனம் இருக்கிறது என்பது மூன்றாவது. விலை ஏறினால் குறைவது இந்த மூன்றாவது மட்டும். மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று வருந்துவது நியாயமில்லை. கரும்பலகையில் மூன்றையும் தனித்தனியாக எழுதிக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

அந்த நான்கையும் சேர்த்துச் சொல்லும் ‘சந்தையிடுகைக் கலவை’யில் (marketing mix) உள்ள கலவை என்ற சொல் மட்டும் நமக்கு வாய்த்த சொல். நிர்வாகியைப் பல பொருள்களைச் சேர்த்துக் கலப்பவர் என்று 1948-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கல்லிட்டன் சொன்னதை எடுத்துக்கொண்டுதான் இன்னொரு பேராசிரியரான நீல் போர்டன் இந்தப் பெயரைப் பரப்பினார். அவர்களைப் போலவே பேராசிரியரான ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் அதை நான்காக வகுத்தார். அவர்கள் மனத்தில் இருந்தது சமையல். உப்பையும் புளியையும் தனித்தனியாக நக்கிப் பார்த்துவிட்டுக் குழம்பு தெரியும் என்று சொல்ல முடியாது. நாம் நான்கையும் நான்கு தலைப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி எழுதச் சொல்கிறோம்.

கலவைக்கு உதாரணம் தேடிக் கடல் கடந்து போக வேண்டாம், கடலூருக்குப் போனால் போதும். அங்கே சின்னிகிருஷ்ணன் என்பவர் சிறு பொட்டலங்களில் பொருள்களை அடைத்து விற்கும் வழியைத் தொடங்கிவைத்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பு வியாபாரத்தை ஆரம்பித்தார். தினக்கூலி வாங்குபவரால் பாட்டில் வாங்க முடியாது; ஒரு தலைக் குளியலுக்கு வேண்டிய அளவு வாங்க முடியும். அளவு சிறியதானதால் விலை சில்லறைக் காசுக்குள் வந்தது. பொட்டலமாக இருந்ததால் பெட்டிக்கடையிலும் சரமாகத் தொங்கவிட முடிந்தது. காலிப் பொட்டலங்களைக் கொண்டுவந்தால் ஒரு பொட்டலம் இலவசம் என்ற திட்டம் புதிதாக வாங்குபவரைக் கடைக்கு வரவைத்தது. இதில் எது பொருள், எது விலை, எது இடம், எது மேம்பாடு என்று பிரித்துப் பாருங்கள். ஒன்றை உருவினால் மற்ற மூன்றும் சரிந்துவிடும். நான் லைனுக்குப் போன காலத்தில் அந்தச் சரங்கள் தொங்காத கடையை வடசென்னையில் பார்த்ததில்லை.

கடைசியாக, என் மனத்தை அதிகம் அரிப்பதைச் சொல்கிறேன். சந்தையிடுகை என்றால் விற்பது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். வீடுகளிலும் ‘மார்க்கெட்டிங் வேலை’ என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கதவு தட்டும் வேலைதான். நான் வேலை பார்த்த நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. மாதத்தின் கடைசி நான்கு நாட்களில் இலக்கை முடிக்கக் கடைகளில் சரக்கைத் தள்ளுவோம். பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம், பணம் பிறகு கொடுங்கள் என்று இறக்கிவிட்டு வருவோம். கணக்கில் விற்பனை ஏறிவிடும்.

ஒரு முறை தண்டையார்பேட்டையில் வயதான கடைக்காரர் ஒருவர் என்னை உள்ளே கூப்பிட்டு, பின்பக்கப் பரணைக் காட்டினார். நான் மூன்று மாதமாக இறக்கிய சோப்புப் பெட்டிகள் அப்படியே இருந்தன. அடிப்பெட்டிகளை எலி கடித்திருந்தது, சோப்பு உறைகளில் நிறம் வெளுத்திருந்தது. “தம்பி, நீ எனக்கு விற்றுவிட்டாய். நான் யாருக்கு விற்பேன்?” என்றார். திரும்ப எடுத்துக்கொள்ள நிறுவனம் மறுத்துவிட்டது. அந்த நஷ்டம் முழுக்க அவர் தலையில் விழுந்தது. விற்பனை என்பது விற்பவரின் தேவையைப் பார்ப்பது, சந்தையிடுகை என்பது வாங்குபவரின் தேவையைப் பார்ப்பது என்று 1960-லேயே அமெரிக்கப் பேராசிரியர் தியடோர் லெவிட் பிரித்துக் காட்டியிருக்கிறார். எனக்கு அது அந்தப் பரணுக்கு அடியில் நின்றபோதுதான் புரிந்தது. நம் பிள்ளைகளில் பலர் நாளை இதே வேலைக்குப் போகப்போகிறார்கள். அவர்களுக்கு இது வகுப்பிலேயே புரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான் கேட்பது இரண்டு. முதல் வகுப்பை வரையறையில் தொடங்காமல் ஒரு கடையில் தொடங்குங்கள். அகமதிப்பீட்டுக்கு உள்ள 10 மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, பிள்ளைகள் தாமே பார்த்து எழுதிவரும் ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள். பொதுத்தேர்வு நெருக்கடி எனக்கும் தெரியும். உதாரணம் சொந்தமாக இருந்தால் வரையறையும் மறக்காது என்பதை என் வகுப்பில் பார்த்துவருகிறேன்.

வகுப்போடு வெளியே போக அனுமதி கிடைக்காவிட்டால், வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடைக்காரரிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்டுவரச் சொல்லுங்கள். உங்களிடம் அதிகம் வாங்குவது யார்? எந்தச் சரக்கு தேங்கிக்கிடக்கிறது? ஏன்? மாலை நான்கு மணிக்குப் போகச் சொல்லுங்கள். அப்போது கடையில் கூட்டம் இருக்காது, அண்ணாச்சிக்கும் பேச நேரம் இருக்கும்.

அன்புடன்,
வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு முன்னாள் விற்பனைப் பிரதிநிதி