நெய் குறைத்த சாமைப் பொங்கல்

அன்புள்ள கண்ணா,

கொழுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், இனி வெண்பொங்கலை மறந்துவிட வேண்டியதுதானா என்று கேட்டாய். மறக்க வேண்டாம். பொங்கலில் நெய் செய்யும் வேலை இரண்டு: ஒன்று மணம், இன்னொன்று குழைவு. மணத்துக்குக் கொஞ்சம் நெய்யே போதும். குழைவுக்கு நெய் தேவையே இல்லை. அதைப் பருப்பும் தண்ணீரும் கொடுக்கும். ஓட்டலில் குழைவுக்கும் நெய்யையே ஊற்றுவதால்தான் சாப்பிட்டதும் கண்ணைச் சொக்குகிறது.

கணக்கைப் பார். ஒரு டம்ளர் அரிசி, பருப்புக்குக் கால் டம்ளர் நெய் ஊற்றினால் அது 50 மில்லி. அதில் மட்டும் 400 கலோரி. நான் எழுதும் அளவுக்கு நெய் மூன்றே டீஸ்பூன், மொத்தம் 120 கலோரிக்குப் பக்கம். மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 40.

நீங்கள் மூன்று பேருக்கு, 200 மில்லி டம்ளரால் அளந்துகொள். அரிசிக்குப் பதில் சாமை என்ற சிறுதானியம் அரை டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர். வழக்கமாக அரிசி மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு போடுவோம். இங்கே சரிபாதி. 100 கிராம் பாசிப்பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது, பச்சரிசியில் 8 கிராம்தான். அதோடு, பருப்பு கூடினால்தான் நெய் இல்லாமலே வெண்ணெய் மாதிரி மசியும். இந்த விகிதத்தை மட்டும் மாற்றாதே.

சாமை வாங்கும்போது நிறத்தைப் பார். அரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு முழுக்கத் தீட்டிப் போயிருக்கும், அதற்குப் பச்சரிசியே போதுமே. மங்கின நிறத்தில் இருப்பதை வாங்கு. தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதே, பிரிட்ஜில் வை. சாமை கிடைக்காவிட்டால் குதிரைவாலி நன்றாகக் குழையும். தினை பொங்கலுக்கு எனக்குப் பிடிப்பதில்லை, எவ்வளவு வேகவைத்தாலும் நாக்கில் கொஞ்சம் நறநறப்பு நிற்கும்.

சாமையில் பொடிக் கல் இருக்கும். மூன்று முறை களைந்து, கடைசியில் கல் அரித்து எடு: பாத்திரத்தில் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி, மேலே மிதந்து வரும் தானியத்தை மட்டும் அடுத்த பாத்திரத்தில் சாய்க்க வேண்டும். கல் அடியில் தங்கிவிடும். பிறகு அரை மணி நேரம் ஊறட்டும்.

பாசிப்பருப்பை வெறும் வாணலியில், சிறு தீயில், வாசனை வரும்வரை மட்டும் வறு. மூன்று நிமிடம் போதும். சிவக்க விட்டால் பருப்பு இறுகிவிடும், எத்தனை விசில் வைத்தாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். பொங்கல் மசியவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். வறுத்த பிறகு கழுவு.

தண்ணீர் நான்கு டம்ளர். குக்கர் மூன்று லிட்டராவது இருக்கட்டும், பாதிக்கு மேல் நிரப்பாதே. பருப்பு நுரைத்து ஏறி விசில் துவாரத்தை அடைக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மிதமான தீயில் ஐந்து விசில். உள்பாத்திரத்தில் வைப்பதாக இருந்தால் ஏழு. ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதே, பாதி வேக்காடு அந்த நேரத்தில்தான் ஆகிறது.

திறந்ததும் தண்ணீராகத் தெரிந்தால் பயப்படாதே. சூடாக இருக்கும்போதே மத்தாலோ கரண்டியின் முதுகாலோ இரண்டு நிமிடம் மசி. மசிக்க மசிக்கச் சேர்ந்து வரும். பொங்கல் ஆற ஆற இறுகும் பண்டம், அதனால் இறக்கும்போது தோசை மாவை விடச் சற்றே கெட்டியாக இருந்தால் தட்டுக்கு வரும்போது சரியாக இருக்கும். இறுகிப்போனால் கொதிக்கும் தண்ணீர் விட்டுக் கிளறு. பச்சைத் தண்ணீர் விட்டால் தனியாகப் பிரிந்து நிற்கும். உப்பை மசித்த பிறகு போடு, முக்கால் டீஸ்பூன். தொட்டுக்கொள்வதிலும் உப்பு இருக்கிறது, ஞாபகம் வை.

இனி தாளிப்பு. இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண். இரண்டு டீஸ்பூன் நெய்யைப் பெரிய வாணலியில் விட்டால் பரவிக் காய்ந்து, மிளகு கருகும். சின்னத் தாளிப்புக் கரண்டியில் செய். மிளகு ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டாகத் தட்டியது. முழு மிளகாகப் போட்டால் தட்டோரம் ஒதுக்கிவிடுவீர்கள், காரமும் பொங்கலில் இறங்காது. பொடியாகப் போட்டால் நெய்யில் கருகிக் கசக்கும். சிறு தீயில் முதலில் மிளகு, அது வெடித்ததும் சீரகம் ஒரு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு துண்டு, ஒரு சிட்டிகை பெருங்காயம். அடுப்பை அணைத்த பிறகு கறிவேப்பிலை. உடனே பொங்கலில் கொட்டி ஐந்து நிமிடம் மூடி வை, மணம் உள்ளேயே இறங்கட்டும். முந்திரி ஆளுக்கு இரண்டு போதும். அதை முன்னாலேயே வெறும் வாணலியில் வறுத்துவிடு, நெய்யைக் குடிக்காது.

மீதி ஒரு டீஸ்பூன் நெய்யைப் பொங்கலில் கலக்காதே. பரிமாறும்போது ஒவ்வொரு தட்டிலும் மேலாக விடு. சூட்டில் உருகி முதல் கவளத்திலேயே மூக்குக்கு ஏறும். உள்ளே கலந்த நான்கு ஸ்பூனை விட இந்த மேல் நெய் அதிகமாகத் தெரியும். நெய்க்குப் பதில் சமையல் எண்ணெயில் தாளிக்கலாமா என்று யோசிக்காதே. கலோரி ஒன்றும் குறையாது, மணம்தான் போகும்.

தேங்காய்ச் சட்னியும் வடையும் சேர்ந்தால் குறைத்த கொழுப்பு பின்வாசல் வழியாக வந்துவிடும். சிதம்பரம் பக்கத்துக் கத்தரிக்காய் கொத்சு செய். மல்லி ஒரு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு டீஸ்பூன், மிளகாய் வற்றல் மூன்று, வறுத்துப் பொடி. நான்கு கத்தரிக்காயை நறுக்கி ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசல் விட்டு வேகவைத்து மசித்து, பொடி தூவி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் முடிந்தது. பொங்கல் ஒரு பங்கு என்றால் கொத்சு ஒரு பங்கு எடுத்துக்கொள்.

சாமை என்பதற்காகத் தட்டு நிறைய வைத்துக்கொள்ளாதே, கண்ணா. அதிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். ஒரு டம்ளர் தானியமும் பருப்பும் மூன்று பேருக்கு என்றால் மூன்று பேருக்குத்தான்.

வேலை நாளில் நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பருப்பை வறுத்து நன்றாக ஆறவிட்டு, சாமையோடு சரிபாதி கலந்து டப்பாவில் வை. சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முதல் நாள் இரவே ஒரு டம்ளர் எடுத்துக் களைந்து, கல் அரித்து, நான்கு டம்ளர் தண்ணீரில் பிரிட்ஜில் ஊறவை. காலையில் அப்படியே குக்கரில் ஏற்றலாம். இரவெல்லாம் ஊறியதற்கு நான்கு விசில் போதும்.

அன்புடன்,
அம்மா