ஆபரேட்டர் அண்ணனுக்கு

படம் அறுந்து திரை வெளுத்ததும் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் விசில் அடித்தோம். மேலே, அனல் பறக்கும் அந்தச் சின்ன அறையில் நீங்கள் பட்ட பாடு அப்போது தெரியாது அண்ணே.

அறுந்த முனையை நேராக வெட்டி, படம் பதிந்திருக்கும் பூச்சான எமல்ஷனை பிளேடால் சுரண்டி, பிலிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி, ஓரத்து ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி அழுத்திப் பிடிப்பீர்கள். 35 மி.மீ. பிலிமில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, ஒவ்வொரு ஓரத்திலும் 4 ஓட்டை. ஒன்று பிசகினாலும் ஒட்டு தாண்டியதும் தலை கீழேயும் கால் மேலேயுமாகப் படம் பிரிந்து நிற்கும்.

2000 அடி ரீல் 22 நிமிடம்தான். அதற்குள் அடுத்த புரொஜக்டரில் ரீல் மாட்டி, எரிந்து வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகளின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். தேயத் தேயத் தள்ளாவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும். திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி மின்னினால் அடுத்த புரொஜக்டரின் மோட்டாரை ஓட விடுவீர்கள், சுமார் 7 நொடியில் அடுத்த புள்ளி வந்ததும் படத்தை அதற்கு மாற்றுவீர்கள். வசனம் ஒன்றுகூட விடுபட்டதில்லை.

ஆனால் பெரிய உதவி வேறு. ரீலைத் திரும்பச் சுற்றும்போது ஓரத்தை விரலால் தடவி, கிழிந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்து, யாரும் சொல்லாமலே அடுத்த காட்சிக்குள் ஒட்டி வைத்தீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி. எங்கிருந்தாலும் இது உங்கள் கண்ணில் படட்டும் அண்ணே.