நீ டைப் அடிக்கும்போது லைன் ஏன் கட் ஆகிறது

தருமபுரி
16.5.2004

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே அத்தை, மாமா, நீ எல்லோரும் நலம்தானே? மாப்பிள்ளை இந்த வாரம் ஓசூரிலிருந்து வந்தாரா? ராத்திரி எட்டு மணிக்கு மேல் உன் நம்பரைப் போட்டால் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கிறது. உன் இன்டர்நெட்டும் அதே போன் லைனில்தானே ஓடுகிறது. சொல்ல வேண்டிய விஷயமும் நீளமானது. எதை எங்கே அழுத்த வேண்டும் என்று போனில் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

போன வாரம் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. டாக்டர் பேசிய ஆடியோவை இன்டர்நெட்டில் இறக்கி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவர் பேசியதை முக்கால் மணி நேரம் டைப் அடிக்கிறாய். அனுப்பலாம் என்று பார்த்தால் இன்டர்நெட் கட் ஆகியிருக்கிறது. மறுபடி டயல் செய்தால் கிடைப்பதில்லை. கிடைப்பதற்குள் கொடுத்த நேரம் தாண்டிவிடுகிறது, கூலியில் பிடித்துவிடுகிறார்கள். கண் எரிய உழைத்த காசு அது. கம்ப்யூட்டரை மாற்றலாமா என்று கேட்டாய். வேண்டாம் கண்ணு. நீ சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால் கம்ப்யூட்டரில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெளியூர் கால்களை நாங்கள் கையால் இணைத்துக் கொடுத்த டிரங்க் போர்டை எடுத்த பிறகு என்னை டெலிபோன் ஆபீஸ் கவுன்டரில் போட்டார்களே, அங்கே நெட் கனெக்‌ஷன் விண்ணப்பமும் வரும், புகாரும் வரும். ஜே.டி.ஓ. (ஜூனியர் டெலிகாம் ஆபீசர்) சார்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் கருவிதான் மோடம். நீ டைப் அடிப்பது அதற்குத் தெரியாது. உன் விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, வேர்டில் எழுத்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் டெலிபோன் கம்பி வழியாக எதுவும் போகவும் இல்லை, வரவும் இல்லை. ஆடியோ இறங்கி முடிந்த நிமிடத்திலிருந்து, லைனைப் பொறுத்தவரை அங்கே ஆளே இல்லை. சும்மா கிடக்கும் லைனை இத்தனை நிமிடத்துக்கு மேல் விட்டுவைப்பதில்லை என்று பல இடங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே மூன்று நான்கு இடம், மோடத்துக்குள் ஒன்று, அந்தப் பக்கம், இன்டர்நெட் கொடுப்பவர்களின் கம்ப்யூட்டரான சர்வரில் ஒன்று. எந்தக் கணக்கு முதலில் முடிகிறதோ அது லைனைத் துண்டித்துவிடும். ஒரே ஒரு இடத்தில் மாற்றிவிட்டு, அப்படியும் கட் ஆகிறதே என்று கவுன்டருக்குத் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் இரண்டு ராத்திரி கடிகாரத்தைப் பார். ஃபைல் இறங்கி முடிந்த நேரத்தைக் குறித்துக்கொள். திரையின் வலது கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் தெரியும் இல்லையா, அது மறைந்த நேரத்தையும் குறி. ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளி வந்தால், 20 நிமிடம் என்றால் தவறாமல் 20 நிமிடம் என்று வந்தால், அது எங்கோ வைத்த கணக்கு. ஒருநாள் 7 நிமிடம், ஒருநாள் 35, ஒருநாள் ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே என்றால் அது லைன் கோளாறு. அதற்கு மருந்து வேறு. இன்னொரு வகையும் உண்டு: நீ வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், டயல் செய்ததிலிருந்து எண்ணி இத்தனை மணி நேரத்தில் கட் ஆகும். ஒரு முறைக்கு இவ்வளவுதான் என்று சர்வரே வைத்த வரம்பு அது. நம் பக்கத்திலிருந்து அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே இடைவெளியில்தான் கட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உன்னுடையது விண்டோஸ் எக்ஸ்பி. நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸில் போய் நீ டயல் செய்யும் கனெக்‌ஷனின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திற. அதில் ஆப்ஷன்ஸ் என்ற பக்கம். ‘ஐடில் டைம் பிஃபோர் ஹேங்கிங் அப்’ என்று ஒரு வரி இருக்கும், அதை ‘நெவர்’ என்று வை. அதற்குக் கீழேயே ‘ரீடயல் இஃப் லைன் இஸ் டிராப்டு’ என்பதற்கு டிக் போடு. அறுந்தால் தானே மறுபடி டயல் செய்யும். எத்தனை முறை முயல வேண்டும் என்பதையும் அங்கேயே கூட்டிக்கொள்ளலாம்.

பலர் விட்டுவிடும் இடம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்‌ஷன்ஸ் பக்கம். உன் கனெக்‌ஷனைத் தேர்ந்தெடுத்து செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு. அங்கே ‘டிஸ்கனெக்ட் இஃப் ஐடில் ஃபார் 20 மினிட்ஸ்’ என்று ஒரு கட்டம், ‘கனெக்‌ஷன் இனித் தேவைப்படாது என்று தோன்றினால் துண்டி’ என்ற அர்த்தத்தில் இன்னொரு கட்டம். இரண்டிலும் டிக்கை எடுத்துவிடு. நீ ஃபைலை இறக்கியதும் பிரவுசரை மூடிவிடுகிறாயா? மூடினால் இரண்டாவது கட்டம் உன்னைப் படுத்தும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருந்தால் அதிலும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கனெக்‌ஷன் பக்கத்தில் ‘ஹேங் அப் ஆஃப்டர் செண்டிங் அண்ட் ரிசீவிங்’ என்று இருக்கும். அதில் டிக் இருந்தால் மெயில் போய் வந்தவுடன் லைனை வைத்துவிடும்.

அப்புறம் மோடம். கன்ட்ரோல் பேனலில் ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ், மோடம்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. ‘எக்ஸ்ட்ரா இனிஷியலைசேஷன் கமாண்ட்ஸ்’ என்று ஒரு காலிக் கட்டம் இருக்கும். ஆங்கில எழுத்து எஸ், ஒட்டினாற்போல 30, சமம், 0 (S30=0). இடைவெளி விடாமல் அடி. பெரும்பாலான மோடங்களில் எஸ்30 என்பதுதான் சும்மா இருக்கும் நேரத்தை எண்ணுவது, 0 கொடுத்தால் எண்ணுவதை நிறுத்திவிடும். மோடத்தோடு வந்த சிறு புத்தகத்தில் எஸ்30-க்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய். அதே பெட்டியில் ‘சேஞ்ச் டீஃபால்ட் ப்ரிஃபரன்ஸஸ்’ உள்ளே போனால், இத்தனை நிமிடம் சும்மா இருந்தால் துண்டி என்று இன்னொரு கட்டம் கிடக்கும். அதிலும் டிக் வேண்டாம்.

இதோடு நம் வீட்டுக் கணக்குகள் முடிந்தன. மீதி இருப்பது சர்வர். நீ யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுக்கும்போது ரேடியஸ் என்ற முறையில் ஒரு சர்வர் அதைச் சரிபார்க்கிறது. சரி, உள்ளே விடு என்ற பதிலோடு, இவர் சும்மா இருந்தால் இத்தனை வினாடியில் துண்டி என்ற எண்ணையும் சேர்த்து அனுப்ப முடியும். அந்த எண்ணை நீ மாற்ற முடியாது. லைனில் ஏதாவது போய்வந்தால் அது எண்ணுவதை முதலிலிருந்து ஆரம்பிக்கும், அவ்வளவுதான். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மெயில் பார் என்று வைக்கும் இடம் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பக்கத்தில் இருக்கிறது. சாதாரணமாக 30 நிமிடம் என்று இருக்கும். அதை 5 ஆக்கு. மெயில் வந்தாலும் வராவிட்டாலும் அது போய்க் கேட்டுவிட்டு வரும். லைன் நிற்க அதுவே போதும்.

எதிர்முனைக் கம்ப்யூட்டரை ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் என்ற கட்டளை ஒன்று உண்டு. சிலர் அதோடு டி (-t) சேர்த்து ராத்திரி முழுக்க ஓடவிடச் சொல்வார்கள். வினாடிக்கு ஒருமுறை 32 பைட் போய்க்கொண்டே இருக்கும், லைனும் கட் ஆகாது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து சர்வருக்குப் போகும் ஒரு 2 எம்.பி. லைனில் ஒரே நேரத்தில் 30 பேருக்குத்தான் இடம். 31-வது ஆளுக்கு எங்கேஜ்டு. நீ மறுபடி டயல் செய்யும்போது கிடைக்காமல் தவிக்கிறாயே, யாரோ ஒருவர் சும்மா பிடித்து வைத்திருக்கும் இடமும் அதற்கு ஒரு காரணம். டிரங்க் போர்டில் 3 நிமிடம் ஆனதும் நாங்கள் நடுவில் புகுந்து நீட்டிக்கவா என்று கேட்போம். கால் புக் செய்துவிட்டு வரிசையில் காத்திருப்பவர்கள் எங்கள் கண் முன்னால் இருந்தார்கள். சர்வருக்கும் அதே வரிசைதான், அது கேட்காமல் வைத்துவிடுகிறது. அப்புறம் உன் செலவையும் பார். நெட் அக்கவுண்டில் காசு கொடுத்து வாங்கிய மணி நேரமும் குறைகிறது, டெலிபோன் மீட்டரும் ஓடுகிறது. நீ டைப் அடிக்கும் முக்கால் மணிக்கு இரண்டு பக்கமும் காசு போகிறது.

இடைவெளி ஒழுங்கில்லாமல் கட் ஆகிறது என்றால் இத்தனையும் பயன்படாது. கூடத்தில் அதே லைனில் இணைத்திருக்கும் பேரலல் போனை யாராவது எடுத்தால் போதும், நெட் போய்விடும். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி வை, அவர்கள் வேண்டுமென்று எடுப்பதில்லை. கால் வெயிட்டிங் வசதி இருந்தால் அந்த ‘டிக்’ சத்தமே மோடத்தைக் குழப்பிவிடும். எக்ஸ்சேஞ்சில் சொல்லி எடுத்துவிடு. போனைக் காதில் வைத்தால் கரகர என்று கேட்கிறதா? ஜங்ஷன் பாக்ஸில் பச்சை பிடித்திருக்கும். லைன்மேனிடம் நெட் வரவில்லை என்று சொல்லாதே, போனில் இரைச்சல் என்று புகார் எழுது. அப்போதுதான் கம்பியைப் பார்ப்பார்கள். சின்ன இரைச்சலுக்கெல்லாம் மோடம் பயந்து வைத்துவிடாமல் இருக்க, அதே காலிக் கட்டத்தில் எஸ்10 சமம் 50 என்றும் சேர்க்கலாம். எதிர்முனைச் சத்தம் 5 வினாடி வரை காணாமல் போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன். முக்கால் மணி நேரம் லைன் எதற்கு உனக்கு? நீ அனுப்பும் வேர்ட் ஃபைல் 40 கே.பி. இருக்குமா? 56கே மோடமாக இருந்தாலும் அனுப்பும் பக்கம் பெரும்பாலும் வினாடிக்கு 33.6 கிலோபிட்தான். அந்த வேகத்திலேயே 10 வினாடி, இழுத்துப் பிடித்தால் அரை நிமிடம். ஆகவே இரண்டு மூன்று ஆடியோவைச் சேர்த்து இறக்கிக்கொள். லைனை நீயே துண்டித்துவிடு. நிம்மதியாக டைப் அடி. கடைசியில் பிழை திருத்த உட்காரும்போது டயல் செய். அந்த நேரத்தில் முதல் முறை கிடைக்காவிட்டாலும் உனக்கு அவகாசம் இருக்கும். கிடைத்ததும் 5 நிமிட மெயில் கணக்கு லைனைப் பிடித்து வைத்திருக்கும், திருத்தி முடித்து அனுப்பிவிடலாம். வேலை செய்யும்போதும் லாக்-இன்னில் இருந்தே ஆக வேண்டும் என்று உன் கம்பெனி சொல்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள். கட்டாயம் என்றால் மேலே சொன்ன மாற்றங்களோடு லைனைப் பிடித்துக்கொள், வேறு வழியில்லை.

கட்டாயம் இல்லை என்றால் லைனை விடு கண்ணு. மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து ஓசூர் பூத்திலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ராத்திரியில் ஒரு அவசரம் என்றால் டாக்டரைக் கூப்பிட அந்த ஒரு லைன்தான் வீட்டில். பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதிலிருந்து நீ வேற மாவட்டத்துக்காரி என்று அப்பா சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார். அரூர் வழியாக ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான், ஆனாலும் ராத்திரியில் உன் குரலைக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது அவருக்கு.

கத்திரி முடிவதற்குள் இடி மழை வரும். தூரத்தில் மின்னல் தெரிந்தாலே, கம்ப்யூட்டரை அணைப்பதோடு நிற்காமல், மோடத்துக்குப் போகும் டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடு. மோடம் கருகுவது பெரும்பாலும் அந்த வயர் வழியாகத்தான்.

குறித்து வைத்த நேரங்களை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போடு. சர்வர் பக்கம்தான் என்று தெரிந்தால் எத்தனை நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று எக்ஸ்சேஞ்சில் கேட்டு எழுதுகிறேன். அதற்குள், இரண்டு ராத்திரி குறித்து முடித்ததும், மெயில் பார்க்கும் அந்த 30 நிமிடத்தை மட்டும் 5 ஆக்கிவிடு.

அன்புடன்,
அம்மா