பேருந்தில் இன்னொரு பலகைக்கு இடம் தாருங்கள்

தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். அரசு நகரப் பேருந்துகளில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் திருக்குறள் பலகை அங்கேயே இருக்கட்டும். சன்னல்களுக்கு மேலே விளம்பரம் ஒட்டும் இடத்தில் ஒன்றை மட்டும் கவிதைக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பேருந்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் மாணவர்களில் பெரும்பாலோர் கட்டணமில்லாப் பயண அட்டையில் வருகிறவர்கள். காலை ஏழே முக்கால் பேருந்தைப் பிடித்தால் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே வர வேண்டும்; மாலையிலும் அப்படியே. பள்ளியில் கைப்பேசிக்கு இடமில்லை என்பதால் பலர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். ஒரு கையில் கம்பி, மறு கையில் பை, எதிரே பார்ப்பதற்கு நகைக்கடை விளம்பரம். பதினைந்து வயதுப் பிள்ளையின் கண் சும்மா இருக்கிற இடம் இன்றைய தேதியில் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் கவிதையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பாடல் வந்து சேரும்போதே சொற்பொருள், இலக்கணக்குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் என்று ஒரு பரிவாரத்தோடு வருகிறது. 'அடி பிறழாமல் எழுதுக' என்ற வினாவுக்காகவே மனப்பாடமான பாடல், தேர்வு முடிந்த மறுநாள் விடைத்தாளோடு போய்விடுகிறது. இதில் என் பங்கும் உண்டு. விழுக்காடு குறையக் கூடாது என்ற கவலையில், பாடலை வாய்விட்டு ஒரு முறை நிதானமாகப் படிக்கவும் நேரமின்றிக் குறிப்பு எழுதிப்போட்ட ஆண்டுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

சென்ற ஐப்பசியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாலையில் பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது, பேருந்து வரவில்லை. எங்கள் பக்கம் செம்மண் பூமி. நிறுத்தத்தின் எதிரே வாய்க்காலில் தண்ணீர் செங்கல்லைக் கரைத்துவிட்டதுபோல ஓடியது. ஏழெட்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். பொழுது போகாமல், குறுந்தொகையின் 40ஆம் பாடலைச் சொன்னேன்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

'யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். செம்புலப் பெயனீர் எதுவென்று எதிரே பாருங்கள்' என்றதோடு நிறுத்திக்கொண்டேன். வகுப்பில் கடைசி வரிசையை விட்டு நகராத ஒரு மாணவன் வாய்க்காலையே சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, இத ஒரு வாளியில பிடிச்சு ராத்திரி வச்சம்னா மண்ணு அடியில தங்கிரும். காலையில தண்ணி தெளிஞ்சிரும்." பக்கத்தில் நின்ற மாணவி விடவில்லை: "அதுக்குத்தான் கலக்கிக்கிட்டே இருக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். பேருந்தும் வந்துவிட்டது.

இத்தனை ஆண்டுகளும் 'பிரிக்க முடியாத கலப்பு' என்றே இப்பாடலுக்குப் பொருள் சொல்லி வந்தவன் நான். வாளியில் பிடித்துவைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினேன். தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து அவன் சொன்னது என்றுதான் பாடலின் துறைக்குறிப்பே இருக்கிறது. தலைவியின் ஐயத்துக்கு அந்தப் பையன் உரையின் துணையில்லாமல் வாய்க்காலைப் பார்த்தே வந்து சேர்ந்திருக்கிறான்.

இதே பாடல் ஏ. கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் லண்டனின் நிலத்தடி ரயில் பெட்டிகளில் ஒட்டப்பட்டது. அங்கே 1986 முதல் விளம்பரங்களுக்கு நடுவே கவிதைகளை வைத்து வருகிறார்கள். நம் ஊர்ச் செம்மண் தண்ணீரை லண்டனில் வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி வாசித்திருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பேருந்தில் அது இல்லை.

அளவிலும் குறுந்தொகை இதற்கென்றே செய்தது போன்றது. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். ஐங்குறுநூறு இன்னும் சிறியது, 3 முதல் 6 அடி. 40ஐ அடுத்த 41ஆம் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். காதலர் உடன் இருக்கும்போது விழா நடக்கும் ஊர் போல மகிழ்கிறேன். அவர் பிரிந்த அன்று, 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்' உள்ள தனித்த வீடு போலப் பொலிவிழந்து கிடக்கிறேன் என்கிறாள் ஒருத்தி. எழுதியவரின் இயற்பெயர் நமக்கு எட்டவில்லை; அந்தத் தொடரே அவருக்கு அணிலாடு முன்றிலார் என்று பெயராகிவிட்டது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போய், பூட்டிய வீடுகள் தெருவுக்கு இரண்டு மூன்று நிற்கிற ஊர்களிலிருந்து என் மாணவர்கள் வருகிறார்கள். அப்படி ஒரு வீட்டின் சாவி தன் அப்பத்தாவிடம் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை தோறும் வாசல் பெருக்கத் தான் போவதாகவும் ஒரு மாணவி சொன்னாள். "கதவத் தெறந்தா அணிலுதான் ஐயா ஓடும்." அவளுக்கு நான் உவமையை விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறள்தான் ஏற்கெனவே பேருந்தில் இருக்கிறதே என்பீர்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த வயதினருக்குக் காலை வணக்கக் கூட்டத்திலும் குறள் வழியே அறிவுரை, வீட்டில் அறிவுரை, பேருந்திலும் அறிவுரை. 1330 குறள்களில் 250 காமத்துப்பாலில் இருக்கின்றன. நான் பயணம் செய்த பேருந்துகளில் அவற்றில் ஒன்றைக் கண்டதாக நினைவில்லை. 'யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்' என்பது எட்டரை மணிப் பேருந்தில் அன்றாடம் கண்முன் நடப்பதுதான். வள்ளுவர் புத்தி சொல்ல மட்டும் வந்தவர் அல்லர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவர்மீது அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பிரியம் வரும்.

காதல் பாட்டைப் பேருந்தில் வைத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். பாட்டு அலறாத சிற்றுந்து எங்கள் தடத்தில் இல்லை. அதில் வராத காதலா இதில் வந்துவிடப் போகிறது? காதலை மட்டுமே வைக்கவும் நான் சொல்லவில்லை. பாரதியின் 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்' இருக்கிறது. 'வெந்து தணிந்தது காடு' என்ற தொடரைப் படத்தின் பெயராக அறிந்த அத்தனை பேருக்கும் அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகள் தெரிவதில்லை. தந்தையையும் மலையையும் இழந்த பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' ஐந்தே அடி.

பதிப்புரிமை பெரிய தடையாக இருக்காது. பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949இலேயே சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. பாரதிதாசன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உள்ளிட்ட பலருடைய நூல்கள் நாட்டுடைமையாகியுள்ளன. வாழும் கவிஞர்களின் கவிதைகளை எடுத்தால் அனுமதி கேட்டு, சிறிதாயினும் மதிப்பூதியம் கொடுத்து எடுங்கள். பள்ளி திறக்கும் சூனிலும் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்குப் பின்னும் பலகையை மாற்றினால் ஒரு தடத்துக்கு ஆண்டில் மூன்று கவிதைகள் ஆகும். பாடலும், எழுதியவர் பெயரும், தேவையானால் ஓரிரு சொல்லுக்குப் பொருளும் போதும். தெளிவுரை வேண்டாம். வாழ்த்துரையும் படங்களும் வேண்டாம்.

பள்ளிக் கல்வித் துறைக்குத் தனியே ஒரு வேண்டுகோள். இந்தப் பலகையிலிருந்து எந்தத் தேர்விலும் வினா கேட்காதீர்கள். ஒப்பித்தல் போட்டி வைக்காதீர்கள். எத்தனை மாணவர் படித்தனர் என்று எங்களிடம் படிவத்தில் அறிக்கை கேட்காதீர்கள். கேட்டால் முதல் வாரத்திலேயே நாங்கள் குறிப்பு எழுதிப்போட ஆரம்பித்துவிடுவோம்.

பதினோராம் வகுப்பு மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த 12 பாடல்களை வரைபட அட்டைகளில் எழுதித் தந்திருக்கிறார்கள். இம்மடலுடன் அவற்றையும் அனுப்புகிறேன். வாளிக்காரப் பையன் அணிலாடு முன்றிலாரைத்தான் எடுத்திருக்கிறான். 40ஆம் பாடலைப் பாடிய செம்புலப் பெயனீராரில் தனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லையாம். எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு அங்குல உயரம் இருக்க வேண்டும் என்றும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் பின் படிக்கட்டில் நின்று படித்துப் பார்த்து முடிவு செய்த அளவு அது.

இங்ஙனம்,
ஒரு தமிழாசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.