எங்கள் பள்ளி மேடையை மீட்டுத் தந்த ஊராருக்கு

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு விழா நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் கண்ணாரப் பார்த்தீர்கள். ஆனால் அதற்காக யார் யார் பாடுபட்டார்கள் என்பது பலருக்கும் தெரியாது. அதைச் சொல்லி நன்றி கூறத்தான் இந்த மடல்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது நாடகமும் வில்லுப்பாட்டும் சேர்ந்தே நின்றுபோயின. 2021 செப்டம்பரில் பெரிய பிள்ளைகளும் நவம்பரில் சின்னப் பிள்ளைகளும் வகுப்புக்குத் திரும்பினார்கள். விட்ட பாடத்தைப் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது. அப்புறம் கலைத் திருவிழாப் போட்டிகள் வந்தன. எங்கள் பிள்ளைகள் சிலர் வெளியூர் போய்ப் பாடினார்கள். சந்தோஷம்தான். இருந்தாலும் சொந்தப் பள்ளிக்கூடத்தில், ஆச்சியும் மாமாவும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க மேடை ஏறுவது வேறு. சரி, பொங்கல் முடிந்ததும் தொடங்கிவிடலாம் என்று இருந்தோம். அதற்குள் 2023 டிசம்பர் வெள்ளம். தாமிரபரணித் தண்ணீர் கீழ்த்தளத்து அறைக்குள் புகுந்து ஆர்மோனியம், மிருதங்கம், உடுப்புப் பெட்டி எல்லாவற்றையும் சேறாக்கிவிட்டது.

பொருள் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பள்ளி நாடகத்தை ஆசிரியர்கள் மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு அக்காவைப் பார்த்துத்தான் ஏழாம் வகுப்புத் தங்கை கற்றுக்கொள்வாள். 2020-இல் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த மேடையில் ஏறி நின்ற அக்கா ஒருத்தியையும் அவளுக்கு நினைவில்லை. அந்த அக்காவின் இடத்தில்தான் நீங்கள் வந்து நின்றீர்கள்.

முதலில் வில்லுப்பாட்டு ஆசானுக்கு நன்றி. எத்தனையோ கோயில் கொடை விழாக்களில் சுடலைமாடன் கதை பாடிய குரல் அது. எங்கள் பிள்ளைகளுக்காக வ.உ.சி. கதையைப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். ஆரம்பத்தில் பாட்டே கிடையாது. வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலைப் பிடிப்பது மட்டும்தான். “கோலை அழுத்தாத தாயி, விழட்டும், அதுவா எழும்பும்” என்று சொல்லிச் சொல்லி, வில்லின் மணிகள் ஒரே சீராகக் குலுங்கும்வரை கதை சொல்லும் பெண் பிள்ளையை விடவில்லை. பின்பாட்டுப் பையன்கள் இஷ்டத்துக்கு “ஆமா” போட்டபோது, “கதையக் கேக்காம ஆமா போடக் கூடாதுல” என்று ஒரு அதட்டு. அதன்பிறகு அவர்கள் கதையைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். வகுப்பில் நாங்கள் எவ்வளவோ சொல்லியும் நடக்காத காரியம் இது.

ஆர்மோனியத்தைச் சரிசெய்து தந்த நெல்லை டவுன் அண்ணாச்சியை என்ன சொல்லிப் புகழ்வது! தூக்கிப் போட வேண்டியதுதான் என்று எல்லாரும் சொன்ன பெட்டி அது. பித்தளை ரீடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இடுக்கில் காய்ந்திருந்த மண்ணை மெல்லிய தூரிகையால் எடுத்து, துருத்திக்குப் புதுத் துணி ஒட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தார். சாமானுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

நாடகத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது 1908 மார்ச் 13. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள், கடைகள் அடைத்து, மாணவர்கள் வீதிக்கு வந்து, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்த நாள். நம் திருநெல்வேலியில் நடந்தது, பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. வார இறுதிகளில் வந்து இயக்கிய முன்னாள் மாணவர், சுடும் காட்சிக்கு வெடிச்சத்தமே வைக்கவில்லை. உடுக்கை மட்டும் போதும் என்றார். எவ்வளவு சரியான முடிவு என்பது அந்த நேரத்தில் பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

போலீஸ் உடுப்பைப் பழைய காக்கித் துணியில் தைத்துக்கொடுத்த டெய்லர் அக்கா, திரைச்சீலை தந்த கல்யாண மண்டபத்தார், பந்தல்காரர், பாதி வாடகைக்கு மைக்செட் போட்ட அண்ணாச்சி, ஒத்திகை நாட்களில் சுண்டலும் சுக்குக் காபியும் கொண்டுவந்த அம்மாக்கள், எல்லாருக்கும் எங்கள் நன்றி.

பெண் பிள்ளைகளை இருட்டும்வரை ஒத்திகைக்கு விட்ட பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தயக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியும். தயங்கியவர்களே பிறகு வண்டியில் வந்து பக்கத்துத் தெருப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனீர்கள். வில்லின் முன் உட்கார்ந்து கதை சொன்னது ஒரு பெண் பிள்ளை என்றால், அதற்கு நீங்கள்தான் காரணம்.

ஆசான் தம்முடைய வில்லைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். அதை இந்த முறை மாடி அறையில் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலையில் பயிற்சி தொடர்கிறது. ஆறாம் வகுப்புக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கிறார்கள். மிருதங்கத்துக்கு மட்டும் இன்னும் மூட்டு, அதாவது முகத்துத் தோல், மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
தமிழாசிரியை,
ஆண்டு விழாக் குழுவினர் சார்பில்