பதினான்காம் லெவலுக்கு விடை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் வீட்டிலேயே வீடியோ கேம் தயாரிக்கும் மாணவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் ஏதோ ஒன்றைத் தாங்களே செய்து பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கடைசிப் பத்தியில் இருந்த ஆலோசனை என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. செய்து முடித்ததும் தயங்காமல் வெளியிட்டுவிட வேண்டுமாம். குறை இருந்தால் ஆடுகிறவர்களே சொல்வார்களாம். சொல்ல மாட்டார்கள், ஐயா. மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சொல்லுகிற ஒரே ஒருவர் எனக்கு வாய்த்தார். அந்த வெட்கக்கேட்டை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

பெங்களூருவின் பீனியா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த வயதில் வீடியோ கேமில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஒருநாள், "தாத்தா, உங்கள் வேலையையே விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள்" என்று கணினியைத் திருப்பிக் காட்டினான். அதன் பெயர் சோகோபான். ஜப்பானிய மொழியில் கிடங்குக் காவலர் என்று பொருளாம். ஹிரோயுகி இமாபயாஷி என்பவர் உருவாக்கியது, 1982-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு கிடங்கு, சில பெட்டிகள், அவை போய்ச் சேரவேண்டிய இடங்கள், தள்ளுவதற்கு ஓர் ஆள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ளலாம். விதி அவ்வளவுதான். மூலையில் போய் முட்டிக்கொண்ட பெட்டியைப் பிரம்மா வந்தாலும் எடுக்க முடியாது.

ஒரு மாதம் ஆடினேன். அப்புறம் நானே கிடங்கு கட்டத் தொடங்கினேன். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். சாதாரண எழுத்துக் கோப்பில் சுவருக்கு ஹேஷ் குறி, சேரவேண்டிய இடத்துக்குப் புள்ளி, பெட்டிக்கு டாலர் குறி என்று தட்டினால் போதும். (பெட்டிக்கு டாலர் குறி போட்டவர் நிச்சயம் எங்காவது கிடங்கில் வேலை பார்த்திருப்பார்.) கணினிக்குப் போகுமுன் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து, புளியங்கொட்டையைப் பெட்டியாகவும் சட்டைப் பொத்தானை ஆளாகவும் வைத்து நகர்த்திப் பார்ப்பேன். இப்படி இருபது லெவல், அதாவது இருபது கிடங்கு, சேர்ந்ததும் பேரன் உதவியுடன் இணையத்தில் இலவசமாக வெளியிட்டேன்.

அந்த இருபதில் பதினான்காவது என் செல்லப்பிள்ளை. அதை முறைப்படிதான் கட்டினேன். விடையிலிருந்து பின்னோக்கி வருவது என்று ஒரு வழி இருக்கிறது: எல்லாப் பெட்டிகளையும் சேரவேண்டிய இடத்திலேயே வைத்துவிட்டு, ஆளை விட்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வரவேண்டும். இழுத்த வழியில் திரும்பத் தள்ளலாம் என்பதால் விடை உண்டு என்பது உறுதி. மூன்று முறை ஆடிப் பார்த்தேன், மூன்று முறையும் முடிந்தது. வெளியிடுவதற்கு முந்தைய இரவு பதினொரு மணிக்குக் கடைசியாக ஒருமுறை பார்த்தபோது, இடப்பக்கச் சுவர் இரண்டு கட்ட உயரத்துக்கு வெளியே புடைத்துக்கொண்டிருப்பது கண்ணை உறுத்தியது. கட்டிய வீட்டில் கோணல் சுவரா என்று அதை நேராக்கிவிட்டுப் படுத்தேன். நேராக்கிய பின் ஆடிப் பார்க்கவில்லை. மூன்று முறை பார்த்ததுதானே!

ஒன்பது நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். நான்கு மாலைகளாக முயன்று வருவதாகவும், பதினான்குக்கு விடை உண்டா என்று மட்டும் சொன்னால் போதும், வழியைச் சொல்ல வேண்டாம் என்றும் மிகப் பணிவாக எழுதியிருந்தார். நான் எழுதிய பதிலை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. "நிச்சயம் உண்டு, நிதானமாக யோசியுங்கள்" என்று வாத்தியார் தோரணையில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பெருமையாக ஒருமுறை ஆடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

மூன்றாவது பெட்டி இடப்பக்கச் சுவரை ஒட்டி நின்றது. அதை வலப்பக்கம் தள்ளவேண்டுமானால் ஆள் அதற்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். இடப்பக்கத்தில் இருந்தது சுவர். நான் நேராக்கிய அதே சுவர். அந்த இரண்டு கட்டப் புடைப்பு, பெட்டியின் பின்னால் ஆள் நுழைந்து நிற்பதற்காக நானே விட்ட இடம். அழகு பார்க்கப் போய் அதை அடைத்துவிட்டேன். பெட்டி மேலும் கீழும் போகும், சுவரைவிட்டு விலகவே விலகாது. அந்த மனிதர் நான்கு மாலைகளாக அடைத்த கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் உள்ளேயிருந்து 'இன்னும் பலமாகத் தட்டுங்கள்' என்று சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன், திருத்தியதையும் அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. அவர் போட்டிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

கிடங்கில் இந்தத் தவற்றை நான் செய்திருக்க மாட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் இருப்பு அட்டை உண்டு, பின் கார்டு என்போம். ஒரு நட்டு எடுத்தாலும் அதில் தேதியுடன் ஏறவேண்டும். ஆண்டுக் கணக்கெடுப்புக்கு வேறு பிரிவிலிருந்து ஆள் வருவார், சரக்கை அடுக்கியவனே எண்ணிக்கொள்ள விடமாட்டார்கள். இப்போது லெவல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். எதை மாற்றினேன், மாற்றிய பிறகு யார் முதலிலிருந்து கடைசி வரை ஆடினார்கள் என்று இரண்டே பத்தி. இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் அது வெளியே போகாது.

விடை உண்டா இல்லையா என்று தேடிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றனவே என்று கணினி தெரிந்த வாசகர்கள் சொல்லக்கூடும். இருக்கின்றன, சின்னக் கிடங்குகளுக்கு நானும் பயன்படுத்துகிறேன். பெரியவற்றில் அவையே திணறும். சோகோபான் கணினிக்கே மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று ஜோசப் கல்பர்சன் என்ற ஆய்வாளர் 1997-லேயே நிரூபித்திருக்கிறார். தவிர, நிரல் விடை உண்டு என்று சொல்லும். ஆடுகிறவருக்கு எரிச்சல் வருமா என்று சொல்லாது.

அதைச் சொல்ல மனிதர் வேண்டும். என் வீட்டில் அந்த மனிதர் என் மனைவி. அதுவரை கணினியைத் தூசி தட்டியதோடு சரி. முதல் லெவலை முன்னால் வைத்தேன். முதல் நிமிடத்திலேயே பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, "இழுப்பதற்கு எந்தப் பொத்தான்?" என்றாள். இழுக்க முடியாது என்றேன். "தள்ளத் தெரிந்தவனுக்கு இழுக்கத் தெரியாதா? பீனியாவில் நீங்கள் 31 வருடம் இப்படித்தான் தள்ளிக்கொண்டே இருந்தீர்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குப் பழகிப்போன விதி அவளுக்கு விதியாகவே தெரியவில்லை. அன்று மாலையே புதிய முதல் லெவல் ஒன்று கட்டினேன்: ஒரே பெட்டி, ஒரே மூலை. தப்பாகத் தள்ளினால் ஐந்து விநாடியில் மாட்டிக்கொள்ளும், மறுபடி தொடங்கலாம். விளக்கம் ஒரு வரிகூட எழுதவில்லை.

அவள் ஆடும்போது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இதில் கடினமான வேலை. "அங்கே இல்லை, மேலே" என்று ஒரு சொல் சொன்னால் அந்தச் சோதனை வீண். காபி டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு, அவள் எங்கே நின்று யோசிக்கிறாள், எங்கே பெருமூச்சு விடுகிறாள் என்று நோட்டில் புள்ளி வைப்பேன். பேரன் வேறு ரகம். நான் 190 நகர்வில் முடித்த ஒன்பதாம் லெவலை அவன் 61-ல் முடித்துவிட்டு, "இந்த இரண்டு பெட்டியும் எதற்கு, தாத்தா?" என்றான். கோபம் வந்தது. குறுக்குவழி அழகாக இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன். இது வெறும் ஓட்டை. அடைத்தேன், அடைத்த பின் மூவரும் மறுபடி ஆடினோம்.

அவன்தான் இன்னொன்றும் சொன்னான். 2015-ல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மாரியோ மேக்கர் என்ற விளையாட்டில், நாம் உருவாக்கிய லெவலை நாமே ஆடி முடித்துக் காட்டினால்தான் பிறருக்கு அனுப்ப முடிந்ததாம். அருமையான விதி! அதையும் ஒருவர் ஏமாற்றியிருக்கிறார். 2017-ல் போடப்பட்ட ஒரு லெவலை ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக யாராலும் முடிக்க முடியவில்லை. 2024 மார்ச்சில்தான், தானியங்கிக் கருவியை வைத்துப் பொத்தான்களை அழுத்தி முடித்ததாக அதைச் செய்தவர் ஒப்புக்கொண்டார். பிறகு அந்த விளையாட்டின் இணையச் சேவை ஏப்ரலில் மூடப்படுவதற்குச் சில நாள் முன்பு, ஒரு மனிதர் கையாலேயே அதை முடித்துவிட்டார் என்பது வேறு கதை. பேரன் அதைச் சாதனை என்று சொன்னான். எனக்கு அத்தனை ஆண்டும் முயன்றவர்களின் மாலைகள்தான் கண்ணில் நின்றன.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளில் அடுத்த முறை 'தயங்காமல்' என்ற சொல்லை மட்டுமாவது எடுத்துவிட வேண்டுகிறேன். கூடவே ஒரு சந்தேகம்: சிறுவர் பக்கத்தில் முயலைக் கேரட்டிடம் சேர்க்கும் புதிர்ப்பாதை வருகிறதே, அச்சுக்குப் போகுமுன் அதில் யாராவது பென்சில் ஓட்டிப் பார்க்கிறீர்களா?

திருத்திய பதினான்காம் லெவலை என் மனைவி இப்போது ஆடிக்கொண்டிருக்கிறாள். அரை மணி நேரமாக மூன்றாவது பெட்டியையே சுற்றி வருகிறாள். காபி தீர்ந்துவிட்டது, வாயைத் திறக்காமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு